விட்டுவைத்த பிறை

எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. 1979-ல் என் அண்ணனுக்கு. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. 2013-ல் என் மகளுக்கு; அவளுக்கு எட்டு வயது. இருவருக்கும் வந்தது ஒரே தொல்லை. ஓடியாடிக்கொண்டிருக்கும் கால் மடங்கிய நிலையில் அப்படியே பூட்டிக்கொள்ளும், நீட்ட வராது. அண்ணனின் முட்டிக்குள் இருந்ததை முழுதாக எடுத்தார்கள். மகளுக்கு மிகையாக இருந்ததை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு மீதியை விட்டுவைத்தார்கள். இந்த இரண்டு கால்களையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பிள்ளைக்கு முட்டி பூட்டிக்கொள்கிறதே என்று தவிக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் சடுகுடு ஆடினால் தெருவே கூடி நிற்கும். சிறு வயதிலிருந்தே அவருடைய வலது முட்டியில் ஒரு சத்தம் உண்டு. காலை மடக்கி நீட்டினால் வெளிப்பக்கத்தில் ‘டொக்’ என்று கேட்கும். வலி கிடையாது. அதை ஒரு வித்தை மாதிரி மற்றப் பையன்களுக்குச் செய்துகாட்டுவார். அடிபட்டதும் இல்லை, விழுந்ததும் இல்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல் அந்தச் சத்தத்தோடு வலி சேர்ந்தது. அதன்பின் கால் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. குந்தி எழும்போதோ, ஆட்டத்தில் சட்டென்று திரும்பும்போதோ அப்படி ஆகும். மடக்க முடியும், நீட்டத்தான் முடியாது. வரப்பில் உட்கார்ந்து கெண்டைக்காலைக் கையால் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டுவார். ஏதோ ஓர் இடத்தில் ‘டொக்’ கேட்கும், கால் நீளும். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்.

அப்பத்தா ராத்திரிதோறும் வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவினார். முடக்கத்தான் கீரையை அரைத்து மாவில் கலந்து தோசை வார்த்தார். ஒருநாள் பூட்டிய கால் எவ்வளவு ஆட்டியும் விடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வைத்தியர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் அண்ணனைப் பாயில் படுக்கவைத்து, இரண்டு பேரைத் தொடையைப் பிடிக்கச்சொல்லி, காலை ஒரே இழுப்பாக இழுத்து நீட்டினார். அண்ணன் போட்ட அலறல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கால் நீண்டது. ஆனால் பொழுது விடிவதற்குள் முட்டி புசுபுசுவென்று வீங்கிவிட்டது. கதவிடுக்கில் துணி சிக்கினால் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. முட்டிக்கும் அதே நியாயம்தான். உள்ளே மாட்டியிருப்பதை இழுப்பு இன்னும் கிழிக்கும். பூட்டிய காலைப் பலவந்தமாக நீட்டக் கூடாது. எது வசதியோ அந்த நிலையிலேயே தலையணை கொடுத்துத் தாங்கி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

அப்பா நெல் விற்ற காசோடு அண்ணனை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். முட்டியின் வெளிப்பக்கம் நீளமாகத் திறந்து, உள்ளே இருந்த மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பை முழுதாக எடுத்தார்கள். ஊரில் அதைத்தான் ஜவ்வு என்கிறோம். மறுநாள் டாக்டர் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினாராம். “இதுதாம்ப்பா உன் கால்ல சிக்கிக்கிட்டிருந்தது” என்றாராம். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “நல்லா வட்டமா இருந்துச்சுடா. ஒத்தை ரூவாக் காசைவிடப் பெருசு.” அந்த வாக்கியம் எங்களுக்கு எப்படி உதவப்போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்த டாக்டர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தக் காலத்து வழக்கமான வைத்தியம் அதுதான். நான் விலங்கியல் ஆசிரியர். மகளின் முட்டிக்காகப் படிக்கப்போய் இந்த வரலாற்றையும் படித்தேன். முழங்காலுக்குள் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இரண்டு மெனிஸ்கஸ்கள் இருக்கின்றன. 1897-ல் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், இவை ஏதோ தசையின் பயனற்ற மிச்சம் என்று எழுதினார். பயனற்றதை எடுப்பதில் என்ன தயக்கம்? கிழிந்தாலும் சிக்கினாலும் முழுதாக எடுப்பதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. 1948-ல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் மெனிஸ்கஸ் எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, அந்தப் பக்கத்து மூட்டு இடைவெளி குறுகுவதையும் எலும்பு தட்டையாவதையும் ஓரத்தில் வரம்பு முளைப்பதையும் எழுதிவைத்தார். ஆனாலும் வழக்கம் மாறப் பல வருடம் ஆனது. தொடை எலும்பின் உருண்டை முனைக்கும் கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைக்கும் நடுவே உட்கார்ந்து, பாரத்தைப் பரப்பி வாங்குவது அந்தப் பிறைதான். அது இல்லாவிட்டால் உடம்பின் எடை ஒரு சிறு இடத்தில் குத்தி இறங்கும்.

அண்ணன் ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் நன்றாகத்தான் இருந்தார். கால் பூட்டவில்லை. உழுதார், மூட்டை தூக்கினார், கல்யாணம் செய்துகொண்டார். முப்பத்தைந்து வயதைத் தாண்டியதும் சாயங்காலமானால் முட்டி கனக்கத் தொடங்கியது. நாற்பதில் கால் உள்பக்கமாக வளைந்து இரண்டு முட்டிகளும் உரசின. வெளிப்பக்க மெனிஸ்கஸ் போன கால் அப்படித்தான் வளையும். குந்த முடியாமல், நாற்று நட ஆள் வைத்தார். பிறகு வயலையே குத்தகைக்கு விட்டார். ஐம்பத்து நான்கு வயதில் செயற்கை மூட்டு பொருத்தினார்கள். பதினான்கு வயதில் செய்த வைத்தியத்துக்கான விலையை அவர் நாற்பதில் கொடுக்கத் தொடங்கினார்.

என் மகள் புதுக்கோட்டையில் மூன்றாம் வகுப்பு படித்தாள். செயல்வழிக் கற்றல் வகுப்பு; பிள்ளைகள் தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்வார்கள். ஒருநாள் மாலை அவளை அழைக்கப் போனபோது டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவள் ஒரு காலை மடக்கியபடி நொண்டிக்கொண்டிருந்தாள். “அப்பா, சப்பணம் போட்டு உக்காந்தேன். எந்திரிக்கிறப்ப கால் மாட்டிக்கிச்சு” என்றாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் காலை மெல்ல ஆட்டினாள். ‘டொக்.’ கால் நீண்டது. சின்ன வயதில் வரப்பில் கேட்ட அதே சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிரவே அண்ணனுக்குப் போன் செய்தேன். “எந்தப் பக்கம் சத்தம் கேக்குது?” என்றார். “வெளிப்பக்கம்” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “எனக்கும் அங்கதான்” என்றார்.

முதலில் போன கிளினிக்கில் வளர்ச்சி வலி என்று சொல்லி கால்சியம் சிரப் எழுதிக்கொடுத்தார்கள். வளர்ச்சி வலி என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகள் ராத்திரியில் இரண்டு காலும் வலிக்கிறது என்று அழுவார்கள். காலையில் எழுந்து ஓடுவார்கள். மூட்டில் வீக்கம் இருக்காது, நொண்ட மாட்டார்கள். ஒரே முட்டி, பகலில், ஓர் அசைவின்போது மாட்டிக்கொண்டு, சத்தத்தோடு விடுபட்டால் அது வளர்ச்சி வலி இல்லை. சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. மதுரையில் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அண்ணனும் கூட வந்தார்.

அந்த டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். “நீ சொல்லும்மா. கால் எப்படி மாட்டிக்குது?” அவள் சொன்னாள். “மாட்டினப்புறம் மடக்க வருமா?” “வரும். நீட்டத்தான் வராது.” “எப்படிச் சரியாகுது?” அவள் காலை ஆட்டிக் காட்டினாள். “முட்டி வீங்குமா? காலையில எந்திரிச்சதும் விறைப்பா இருக்குமா? ராத்திரி வலியில முழிப்பு வருமா?” ஒவ்வொன்றுக்கும் அவளே பதில் சொன்னாள். பாதி நோயை அவள் வாயிலிருந்தே தெரிந்துகொண்டுவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பூட்டு என்று பிள்ளைகள் சொல்வதில் இரண்டு வகை உண்டு. உண்மையிலேயே ஏதோ ஒன்று இடையில் சிக்கி, கடைசிச் சில பாகைகள் நீளாமல் நிற்பது ஒன்று. வலியாலும் தசைப் பிடிப்பாலும் நீட்டப் பயந்து நிற்பது இன்னொன்று. இரண்டிலும் பிள்ளை பொய் சொல்வதில்லை. வைத்தியம்தான் வேறு.

பிறகு அவளைப் படுக்கவைத்து முதலில் இடுப்பைச் சோதித்தார். தொடையைச் சுழற்றிப் பார்த்தார். முட்டி வலிக்கு எதற்கு இடுப்பு என்று அண்ணன் கேட்டார். “சின்னப் பிள்ளைங்களுக்கு இடுப்பு மூட்டுல கோளாறு இருந்தா வலி முட்டியில தெரியும். முட்டியை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம்” என்றார். பெர்தஸ் நோய் என்று ஒன்று. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் குறைந்து அது நொறுங்கும். வளரும் பருவத்தில் அந்த எலும்பின் தலை நழுவுவது இன்னொன்று. இரண்டிலும் பிள்ளை பல சமயம் முட்டியைத்தான் தொட்டுக்காட்டும். இடுப்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபிறகே முட்டிக்கு வந்தார். விரலை வெளிப்பக்க மூட்டுக் கோட்டில் வைத்து, காலை மெல்ல மடக்கி நீட்டினார். ‘டொக்.’ என் விரலையும் அங்கே வைக்கச்சொன்னார். தோலுக்கடியில் ஏதோ துள்ளி நகர்வது தெரிந்தது.

அப்போதுதான் அண்ணன் தன் கதையைச் சொன்னார். புட்டியில் பார்த்ததைச் சொன்னார். “வட்டமா இருந்துச்சுங்க.” டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “பிறையா இல்லாம முழு வட்டமாவா? நல்லா ஞாபகம் இருக்கா?” “நல்லா இருக்குங்க.” அவர் எக்ஸ்ரேயை விளக்குப்பெட்டியில் வைத்து, முட்டியின் வெளிப்பக்க இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருப்பதைக் காட்டினார். எம்.ஆர்.ஐ. எடுக்கச்சொன்னார்.

அந்த இயந்திரத்தின் இரைச்சலில் அசையாமல் படுத்திருக்க எட்டு வயதுப் பிள்ளையால் முடியுமா என்று பயந்தேன். தோட்டையும் கொலுசையும் கழற்றிவைத்துவிட்டு, என்னையும் உள்ளே அனுமதித்தார்கள். அவள் பாதத்தைப் பிடித்தபடி நின்றேன். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே படுத்திருந்தாள். படங்களைப் பார்த்தபோது டாக்டர் ஒவ்வொரு சீவலாக விளக்கினார். பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் கனத்தில் படம் எடுத்தால், சாதாரணமாக மெனிஸ்கஸின் முன்பாதியும் பின்பாதியும் ஒட்டித் தெரிவது ஓரிரு படங்களில்தான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட படங்களில் தொடர்ந்து ஒட்டியே தெரிந்தால் அது பிறை இல்லை, நடுவில் ஓட்டையே இல்லாத தட்டு. மகளுக்கு அப்படித்தான் இருந்தது. பின் ஓரம் மூட்டு உறையிலிருந்து பிரிந்து ஆடவும் செய்தது. டிஸ்காய்டு மெனிஸ்கஸ் என்று தாளில் எழுதினார்.

இதை முதன்முதலில் 1889-ல் யங் என்பவர் ஒரு சடலத்தின் முட்டியில் பார்த்து எழுதியிருக்கிறார். கருவில் எல்லாக் குழந்தைக்கும் தட்டாக இருந்து பிறகு பிறையாகிறது, சிலருக்கு அது நடக்காமல் போகிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1957-ல் கப்லான், கருவின் எந்தக் கட்டத்திலும் அது தட்டாக இருப்பதில்லை என்று காட்டினார். பெரும்பாலும் வெளிப்பக்கத்து மெனிஸ்கஸில்தான் வரும். ஐரோப்பியரைவிட ஆசியரிடம் அதிகம். ஜப்பானிலும் கொரியாவிலும் நிறையப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் வருவதும் உண்டு. பலருக்கு இது ஆயுசு முழுக்க எந்தத் தொந்தரவும் தருவதில்லை. ஆனால் தட்டு தடிமனாகவும் நார் ஒழுங்கில்லாமலும் இருப்பதால் சீக்கிரம் கிழியும். விளிம்புப் பிடிப்பு சரியில்லாவிட்டால் நழுவும். கால் நீளும்போது கடைசியில் கீழ்க்கால் எலும்பு சற்று வெளிப்புறம் திரும்பிப் பொருந்த வேண்டும். பாடப்புத்தகத்தில் கீல் மூட்டு என்று படித்தாலும் முழங்காலுக்குள் இந்தச் சுழற்சியும் இருக்கிறது. நழுவிய தட்டு அங்கே குறுக்கே நின்றால் கால் நீளாது. மகளுக்கும் அண்ணனுக்கும் அதுதான் நடந்தது.

டாக்டர் ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “ஐயா, எனக்கு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. பிள்ளைக்குக் கொஞ்சமாச்சும் விட்டுவைப்பீங்களா?”

டாக்டர் அவரை உட்காரச்சொன்னார். ஒரு தாளில் வட்டம் வரைந்து, நடுப்பகுதியைப் பேனாவால் அடித்து, மீதியைப் பிறையாக்கினார். “நடுவுல இருக்கிற மிகையை மட்டும் செதுக்கி எடுப்பேன். விளிம்புல 6-லிருந்து 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைப்பேன். பின் ஓரம் ஆடுதில்ல, அதை உறையோட சேத்துத் தச்சுடுவேன். உங்க வயசுல இதெல்லாம் செய்யக் கருவி இல்ல. இப்ப இருக்கு.” அண்ணன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கருவியும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1918-ல் டோக்கியோவில் கென்ஜி டகாகி, சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வத்தனபே அந்தக் குழாயை நுணுக்கி, 1962-ல் அதன் வழியாகவே கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். தட்டு மெனிஸ்கஸை முழுத் தட்டு, அரைத் தட்டு, பின்பிடிப்பு இல்லாதது என்று மூன்றாகப் பிரித்தவரும் அவரே. ஊர் வரப்பில் அண்ணன் காலை ஆட்டிக்கொண்டிருந்த வருடங்களில் இதெல்லாம் உலகில் இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எட்டத்தான் காலம் ஆனது.

மகளுக்கு முழு மயக்கம் கொடுத்து, தொடையில் பட்டை கட்டி, முட்டியின் முன்னால் இரண்டு சிறு துளை வழியாகச் செய்தார்கள். ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி. தைப்பதற்காகப் பக்கத்தில் இன்னொரு சிறு கீறல். வெளியே வந்த டாக்டர், “நல்ல விளிம்பு கிடைச்சது. மூணு தையல் போட்டிருக்கேன்” என்றார். பிறந்த குழந்தைக்கு மெனிஸ்கஸ் முழுக்க ரத்தக்குழாய் இருக்கும். பத்து வயதுக்குள் அது வெளி விளிம்போடு நின்றுவிடும். தையல் போட்டது அந்த ரத்தம் ஓடும் விளிம்பில் என்பதால் ஒட்டும் என்றார்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிந்திய மாதங்கள்தான் கடினம். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பிரேஸ் போட்டு வாக்கரில் நடக்க வேண்டும். 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. அதன்பிறகும் நாலைந்து மாதம் குந்தவோ சப்பணமிடவோ கூடாது. நம் வீடுகளில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது செய்துபார்த்தால்தான் தெரியும். சாப்பாடு தரையில், படிப்பு தரையில், கழிப்பறை குந்துவது. துளை போட்ட நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கழிப்பறையில் வைத்தோம். அவளுக்கு மட்டும் மேசை போட்டால் மனம் வாடுமே என்று வீட்டில் எல்லோரும் நாற்காலிக்கு மாறினோம். டீச்சர் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து பாயோரம் போட்டு, அவளோடு இன்னொரு பிள்ளையையும் முறைவைத்து உட்காரவைத்தார். அந்த டீச்சருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொடைத் தசை எவ்வளவு வேகமாக மெலிகிறது என்பதைப் பார்த்து அதிர்ந்தேன். பிசியோதெரபிஸ்ட் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து குறித்துக்கொண்டார். சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து அழுத்த வேண்டும். காலை நேராக நீட்டித் தூக்கி நிறுத்த வேண்டும். அலுப்பான பயிற்சி. வீட்டில் அதை ஏற்றுக்கொண்டவர் அண்ணன். பெரியப்பாவும் மகளும் எதிரெதிரே படுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒன்றாகக் காலைத் தூக்குவார்கள். அவர் முட்டிக்கும் அது நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது.

அந்தப் பிசியோதெரபிக் கூடத்தில்தான், பூட்டிக்கொள்ளும் முட்டிகள் எத்தனை வகை என்று தெரிந்துகொண்டேன். சைக்கிளிலிருந்து விழுந்த பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். பெரியவர்கள் அப்படி விழுந்தால் முட்டிக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறும். எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாரைவிட எலும்பு மெத்தென்று இருப்பதால், நார் அறாமல் தான் ஒட்டிய எலும்புத் துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பெயர்ந்த துண்டும் அதனடியில் சிக்கிய மெனிஸ்கஸும் காலை நீட்டவிடாது. துண்டு நகராவிட்டால் மாவுக்கட்டு போதும். நகர்ந்தால் துளை வழியாக இழுத்துக் கட்டுவார்கள்.

பந்து வீசுகிற ஒரு பையனுக்கு, தொடை எலும்பின் முனையில் ஒரு சிறு வட்டம் ரத்தம் குறைந்து தளர்ந்திருந்தது. 1887-ல் கோனிக் பெயரிட்ட ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசெக்கன்ஸ். வளரும் வயதில், துண்டு அசையாமல் இருந்தால், விளையாட்டை நிறுத்திப் பல மாதம் ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். அசைந்தால் ஊசி போன்ற திருகால் பொருத்துவார்கள். கழன்று மூட்டுக்குள் திரிந்தால் அது இன்றைக்கு ஓரிடத்தில் மாட்டும், நாளைக்கு வேறிடத்தில் மாட்டும். உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்திக்கு முட்டிச் சிரட்டை நழுவி, சில்லு ஒன்று பெயர்ந்து உள்ளே மிதந்தது. கால்பந்து ஆடும் பதினாறு வயதுப் பையனுக்கு மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து கிழிசல் நடுவே புரண்டிருந்தது. அப்படிப் பூட்டிய கால் தானாக விடாது, நாள் கடத்தாமல் தைக்க வேண்டும் என்றார்கள்.

நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கு எதுவும் சிக்கவில்லை. காலையில் எழுந்ததும் முட்டி விறைத்து நீளாது, பகல் ஏற ஏற இளகும். ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம். குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சி அது. அதற்கு மருந்தும், கண் மருத்துவரின் சோதனையும் வேண்டும். கண்ணில் எந்தக் குறையும் தெரியாமலேயே உள்ளே அழற்சி நடக்கலாம் என்றார் அதன் அம்மா. எல்லாப் பூட்டும் கத்திக்குரியது இல்லை என்பதற்கு அந்தக் குழந்தையே சாட்சி.

ஒரே நாள்கூடப் பொறுக்கக் கூடாத அடையாளங்களையும் அங்கே கற்றேன். காய்ச்சலோடு முட்டி சூடாக வீங்கி, பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் அது சீழ்த்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். விழுந்த சில மணிக்குள் முட்டி பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். சின்ன இடிக்கே ஓர் ஆண்பிள்ளைக்கு அடிக்கடி அப்படி வீங்கினால் ஹீமோஃபீலியா உண்டா என்று பார்க்க வேண்டும். ராத்திரியில் எழுப்பும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு இரண்டையும் ஒதுக்கக் கூடாது.

மகளுக்குப் பூட்டிக்கொண்டது இடது முட்டி. எம்.ஆர்.ஐ.-யில் அவளுடைய வலது முட்டியையும் பார்த்திருந்தார்கள். அதிலும் தட்டுதான். அதற்கும் ஆபரேஷன் வேண்டுமா என்று என் மனைவி கலங்கிப்போனாள். “அது சும்மா இருக்கு. சும்மா இருக்கிறதை நாமளும் சும்மா விடணும்” என்றார் டாக்டர். இன்றுவரை அந்த முட்டி ஒரு தொல்லையும் தரவில்லை. செதுக்கிய முட்டிக்கு மட்டும் அவள் வளர்ந்து முடியும் வரை வருடந்தோறும் போய்க் காட்டினோம். கால் நேராக வளர்கிறதா, தொடை எலும்பின் வெளிமுனை கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள், த்ரோபால் ஆடுகிறாள். போட்டி முடிந்த மறுநாள் இடது முட்டி லேசாக வலிக்கிறது என்பாள். செதுக்கிய மெனிஸ்கஸ் பிறவிப் பிறைக்கு முழுக்க ஈடாகாது. ஆனால் இல்லாத மெனிஸ்கஸுக்கும் இருக்கிற மெனிஸ்கஸுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அண்ணன் காலையும் அவள் காலையும் பார்த்தவர்கள் அறிவோம்.

என் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையாவது முட்டி மாட்டிக்கொண்டது என்று மைதானத்தில் உட்கார்ந்தால், விளையாட்டு ஆசிரியர் இப்போது காலை இழுப்பதில்லை. ‘எழுந்து ஓடு’ என்று விரட்டுவதும் இல்லை. மடக்க வருகிறதா, நீட்ட வருகிறதா, சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி, பெற்றோரிடம் கொடுக்கிறார். ஆபரேஷன் என்று முடிவானால் பெற்றோர் டாக்டரிடம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும்: எவ்வளவு எடுப்பீர்கள் என்பதைவிட, எவ்வளவு விட்டுவைப்பீர்கள்? தைக்க முடிந்ததைத் தைப்பீர்களா? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், தாளெடுத்து வரைந்து காட்டுவார். எட்டு வயது முட்டிக்கு இன்னும் அறுபது எழுபது வருட வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் வலி போகுமா என்பதோடு நிற்காமல், அவ்வளவு வருடத்தையும் கணக்கில் வைத்துத்தான் அந்த முட்டிக்கான முடிவை எடுக்க வேண்டும்.